கரண்ட் வைத்தும் கட்டி ஏன் போகவில்லை? தலை, கழுத்துப் புற்றுநோயில் கதிர்வீச்சுக்கு அடங்காத செல்கள்

கதிர்வீச்சுப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பங்கள் அந்தச் சிகிச்சையைக் ‘கரண்ட் வைப்பது’ என்றுதான் சொல்கின்றன. சிகிச்சை முடிந்து சில மாதங்களில் கட்டி மறுபடி தலைகாட்டினால், “அவர் உடம்புக்குக் கரண்ட் ஏறவில்லை”, “பழைய மெஷின், பவர் போதாது”, “பயந்து பயந்து கம்மியாக வைத்துவிட்டார்கள்” என்று ஆளுக்கொரு காரணம் சொல்லப்படுகிறது. இவற்றில் எதுவும் நடந்ததை விளக்குவதில்லை. கதிர் உள்ளே போயிருக்கும், அளவும் சரியாகவே இருந்திருக்கும், கட்டியின் பெரும்பகுதி செத்தும் இருக்கும். ஆனாலும் நோய் திரும்புகிறது. அது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள, மருத்துவப் படிப்பைவிடக் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் வயல்காட்டு அறிவும் போதும்.

வாய், நாக்கு, கன்னத்தின் உட்புறம், தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களையே ‘தலை, கழுத்துப் புற்றுநோய்’ என்று தொகுத்துச் சொல்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை அந்த உறுப்புகளின் உட்பரப்பை மூடியிருக்கும் தட்டையான செல்களிலிருந்து தொடங்குபவை. நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தெரியும் இந்தப் புற்றுகள் கதிர்வீச்சின் முன் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை.

கதிர் எரிப்பதில்லை, அறுக்கிறது

சிகிச்சை தொடங்குமுன் நோயாளியைப் படுக்கவைத்து, துளைகள் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, முகத்தின்மேல் இழுத்துப் பதிக்கிறார்கள். சில நிமிடங்களில் அது ஆறி, மூக்கும் தாடையும் அச்செடுத்ததுபோல் ஒரு முகமூடி ஆகிவிடுகிறது. அதன்பின் ஒவ்வொரு நாளும் அந்த முகமூடியை மாட்டி, மேசையோடு சேர்த்துப் பூட்டி, தலை ஒரு சில மில்லிமீட்டர்கூட அசையாதபடி வைத்த பிறகே கதிர் செலுத்தப்படுகிறது. உடம்புக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரே எடுக்கும் கதிரின் உறவுக்காரக் கதிர்தான் பாய்கிறது, பல மடங்கு வீரியத்தோடு.

அந்தக் கதிரின் அளவைக் ‘கிரே’ என்ற அலகால் சொல்கிறார்கள். ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது 1 கிரே. வழக்கமான முழுச் சிகிச்சை 70 கிரே. நாளுக்கு 2 கிரே, வாரத்துக்கு 5 நாள் என்று 7 வாரங்களில் 35 தவணையாக அது முடியும். ‘கட்டியை எரிக்கிறார்கள்’ என்ற பேச்சும் உண்டு. கணக்குப் பார்த்தால், 70 கிரேயையும் ஒரே மூச்சில் கொடுத்தாலும் திசுவின் வெப்பம் ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஏறாது. சூடான ஒரு வாய் காப்பி இதைவிட அதிகமாகச் சுடும்.

கதிர் கொல்லும் விதம் வேறு. செல்லின் பெரும்பகுதி தண்ணீர். கதிர் பட்டதும் அந்தத் தண்ணீர் மூலக்கூறுகள் உடைந்து ‘ஃப்ரீ ராடிக்கல்’ எனப்படும் துணுக்குகள் பிறக்கின்றன. இவை கணநேரமே வாழ்பவை, ஆனால் அருகில் எது இருந்தாலும் தாக்கும் வெறி கொண்டவை. செல்லின் செயல்திட்டம் முழுவதையும் சுமக்கும் டி.என்.ஏ. இழையை இவை தாக்குகின்றன. டி.என்.ஏ.வை இரண்டு புரி முறுக்கிய கிணற்றுக் கயிறாக எண்ணிக்கொள்ளலாம். ஒரு புரி மட்டும் அறுந்தால் கயிறு தாங்கும், மற்றப் புரியைப் பார்த்து அதைச் சரிசெய்தும்விடலாம். இரண்டு புரியும் ஒரே இடத்தில் அறுந்தால் வாளி கிணற்றில் விழவேண்டியதுதான். 1 கிரே கதிர் ஒரு செல்லில் ஏறக்குறைய ஆயிரம் ஒற்றைப்புரி அறுப்புகளையும், இருபது முதல் நாற்பது வரையான இரட்டைப்புரி அறுப்புகளையும் உண்டாக்குகிறது. உயிரைக் குடிப்பது இரண்டாவது வகை.

அப்படி அறுபட்ட செல்லும் உடனே சாவதில்லை. பெரும்பாலும் அடுத்த முறை இரண்டாகப் பிரிய முயலும்போதுதான், கிழிந்த திட்டத்தோடு பிரிய முடியாமல் மடிகிறது. சிகிச்சை முடிந்த அடுத்த வாரமே கட்டி தொட்டால் தட்டுப்படுகிறதே என்று பதறத் தேவையில்லை என்பதற்கும், செல்களின் சுறுசுறுப்பைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுக்க மருத்துவர்கள் ஏறக்குறைய 12 வாரம் காத்திருக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். அவசரப்பட்டு எடுத்த ஸ்கேன் இல்லாத எதிர்ப்பை இருப்பதாகக் காட்டிவிடும்.

முப்பத்தைந்து தவணைக் கணக்கு

கதிர்வீச்சுக்கு ஒரு புற்றுநோய் ‘கேட்காது’ என்று சொல்லும்போது, கதிரைத் தடுத்து நிறுத்தும் கேடயம் போல ஒன்றை நாம் மனத்தில் வைத்துக்கொள்கிறோம். அப்படி ஒரு கேடயம் எந்தக் கட்டிக்கும் இல்லை. இருப்பது மிகச் சிறிய ஒரு வேறுபாடு. அது கூட்டு வட்டி போல முப்பத்தைந்து முறை பெருகுகிறது.

ஒரு கன சென்டிமீட்டர் கட்டியில், அதாவது சுண்டைக்காய் அளவுள்ள ஒன்றில், சுமார் 100 கோடி செல்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு தவணையிலும் பாதிச் செல்கள் செத்து, பாதி பிழைக்கின்றன என்றால், முதல் நாள் 50 கோடி, மறுநாள் 25 கோடி என்று குறைந்துகொண்டே போய், 35 தவணை முடியும்போது ஒரு செல்கூட மிஞ்சியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இன்னொரு கட்டியில் ஒவ்வொரு தவணைக்கும் 60 சதவீதம் பிழைக்கிறது என்போம். முதல் நாள் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, ஆனால் கடைசி நாளில் சுமார் 17 செல்கள் உயிரோடு இருக்கும். 70 சதவீதம் பிழைத்தால் சுமார் 3,800 செல்கள் மிஞ்சும்.

இந்த மூன்று கட்டிகளுமே சிகிச்சை முடிவில் மறைந்துவிட்டதாகவே தோன்றும். 3,800 செல்களைக் கண்டுபிடிக்கும் ஸ்கேன் எதுவும் கிடையாது. மருத்துவர் வாயைப் பார்த்து, கழுத்தைத் தடவி, “நன்றாக இருக்கிறது” என்று சொல்வதும் பொய்யல்ல. ஆனால் அந்த 17 செல்களில் ஒன்றே ஒன்று பெருகத் தெரிந்ததாக இருந்தாலும் கட்டி ஒரு நாள் திரும்பும். உண்மையான கட்டி இவ்வளவு ஒழுங்கான கணக்குக்கு அடங்காது என்றாலும், இனி வரும் ஒவ்வொரு காரணமும் ஏதோ ஒரு வழியில் இந்தப் பிழைக்கும் சதவீதத்தைத்தான் உயர்த்துகிறது.

சுருக்கமாக, கதிர்வீச்சு எதிர்ப்பு என்பது கதிர் வேலை செய்யாமல் போவதல்ல. ஒவ்வொரு நாளும் சற்றே கூடுதலான செல்கள் தப்பிப்பதும், அந்தச் சிறு தப்பித்தல் வாரக்கணக்கில் சேர்ந்துகொண்டே போவதும்தான்.

கடைமடைக்கு எட்டாத ஆக்சிஜன்

தப்பிக்கும் வழிகளில் மிக நன்றாக ஆராயப்பட்டது ஆக்சிஜன் பற்றாக்குறை. ‘ஆக்சிஜன் இல்லாத செல் பலவீனமாகத்தானே இருக்கும், அதைக் கொல்வது எளிதல்லவா’ என்று தோன்றும். நடப்பது நேர்மாறானது.

ஈரச் சிமெண்ட் தரையில் ஒருவர் காலை வைத்துவிட்டார் என்று வையுங்கள். கொத்தனார் உடனே கரணையால் இழுத்துவிட்டால் தடம் மறைந்துவிடும். சிமெண்ட் இறுகிவிட்டால் தடம் நிரந்தரம். ஃப்ரீ ராடிக்கல் டி.என்.ஏ.யில் பதிக்கும் தடமும் முதல் கணத்தில் ஈரச் சிமெண்டில் பட்டது போலத்தான், செல்லில் உள்ள வேறு சில மூலக்கூறுகள் அதை உடனே நிரவிவிட முடியும். அருகில் ஆக்சிஜன் இருந்தால் அது பாய்ந்து போய் ஒட்டிக்கொண்டு தடத்தை இறுக்கிவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத செல்லில் தடம் இறுகுவதில்லை. ஆகவே அதே சேதத்தை உண்டாக்க ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படுகிறது. இதை லண்டனில் லூயி ஹெரால்ட் கிரேயும் அவருடைய குழுவினரும் 1953-ல் தெளிவாக எடுத்துரைத்தார்கள். இன்று கதிரின் அலகுக்கு இருப்பது அவர் பெயர்தான்.

கட்டிக்குள் ஆக்சிஜன் ஏன் குறைகிறது என்பதைக் காவிரிப் பாசனத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. வாய்க்காலின் தலைப்பில் இருக்கும் வயலுக்குத் தண்ணீர் உண்டு, கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் வற்றிவிடும். கட்டி அவசரத்தில் வளர்வதால் அது போட்டுக்கொள்ளும் இரத்தக் குழாய்கள் கோணலும் கசிவுமாக, சில இடங்களில் அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. இரத்தக் குழாயை ஒட்டிய செல்கள் நன்றாக மூச்சுவிடும். 1955-ல் நுரையீரல் புற்றுநோய்த் திசுக்களை நுண்ணோக்கியில் அளந்த தாம்லின்சனும் கிரேயும், குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான தூரத்திலேயே செல்கள் செத்துக் கிடப்பதைக் கண்டார்கள். உயிருள்ள விளிம்புக்கும் செத்த நடுப்பகுதிக்கும் இடையே, அரைப் பட்டினியில் கிடக்கும் ஒரு மெல்லிய வரிசை இருக்கிறது. கதிருக்குத் தப்பும் செல்கள் அந்த வரிசையில்தான் அதிகம்.

தவணை முறைக்கு இங்கே ஒரு நன்மை உண்டு. இன்று தலைப்பு வயல் செல்கள் செத்தால், அவை குடித்துக்கொண்டிருந்த ஆக்சிஜன் நாளை கடைமடைக்குப் போய்ச் சேரும், அந்தச் செல்களும் மறுபடி கதிருக்கு வசப்படும். எல்லாக் கட்டிகளிலும் இது போதிய அளவுக்கு நடப்பதில்லை.

புகைப்பழக்கம் இங்கே நேரடியாகக் குறுக்கிடுகிறது. பீடி, சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தில் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. கனடாவில் நடந்து 1993-ல் வெளியான ஆய்வில், சிகிச்சைக் காலத்திலும் புகைத்துக்கொண்டிருந்தவர்களில் 45 சதவீதத்தினருக்கே கட்டி முழுதாக மறைந்தது, புகைக்காதிருந்தவர்களில் அது 74 சதவீதம். ‘இனிமேல் விட்டு என்ன பயன், வந்ததுதான் வந்துவிட்டதே’ என்பவர்களுக்கு இந்த ஓர் எண்ணைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் இரத்தத்தை ஊறவைக்கும் ஊசி போட்டால் தீர்ந்ததா? அதையும் பார்த்தாகிவிட்டது. இரத்த சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாய்டின் மருந்தை இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வின் முடிவு 2003-ல் வந்தது. ஹீமோகுளோபின் ஏறியது, நோயைக் கட்டுப்படுத்துவது முன்பைவிட மோசமானது. மாறாக, ஆக்சிஜன் செய்யும் ‘இறுக்கும்’ வேலையை ஓரளவு தானே செய்யும் நிமோரசோல் என்ற மாத்திரை டென்மார்க்கில் பலன் தந்தது. தொண்டை, மேல் குரல்வளைப் புற்றுநோய்களில் ஐந்தாண்டுக் கட்டுப்பாடு, அதாவது ஐந்தாண்டு வரை அந்த இடத்தில் கட்டி அடங்கியிருப்பது, 33 சதவீதத்திலிருந்து 49 சதவீதமாக உயர்ந்ததாக 1998-ல் அறிவித்தார்கள். ஆனாலும் அது உலகெங்கும் வழக்கத்துக்கு வரவில்லை.

அறுந்ததை முடையும் செல்கள்

எல்லாச் செல்லிலும் டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் புரதங்கள் உண்டு. இவை இல்லையென்றால் வெயிலில் நடந்தாலே நமக்குப் பாடு. நாளொன்றுக்கு ஒரு தவணை என்று இடைவெளி விடுவதே, நல்ல செல்கள் இந்தப் பழுதுபார்ப்பை முடித்துக்கொள்ள அவகாசம் தரத்தான். கதிர்வீச்சின் முழு நம்பிக்கையும், நல்ல செல் இந்த வேலையில் கெட்டிக்காரர், புற்றுச் செல் கொஞ்சம் கைநழுவுபவர் என்ற வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது.

சில புற்றுச் செல்கள் இந்த நம்பிக்கையைப் பொய்யாக்குகின்றன. அவற்றின் மேற்பரப்பில் ‘வளர், பிழைத்திரு’ என்ற கட்டளையை வாங்கி உள்ளே அனுப்பும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கிறது. அந்தக் கட்டளை பழுதுபார்க்கும் வேலையையும் முடுக்கிவிடுகிறது. இன்னொரு பக்கம், ‘சேதம் அதிகம், நீ சாவதே மேல்’ என்று செல்லுக்கு உத்தரவிடும் பி53 என்ற புரதத்தின் மரபணு, புகையிலையால் வந்த தலை, கழுத்துப் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் கெட்டுப்போயிருக்கிறது. கயிறு அறுந்தாலும் மணியடிக்க ஆளில்லை.

எச்.பி.வி. என்ற விதிவிலக்கு

ஒரே இடத்தில், ஒரே அளவில் வந்த இரண்டு தொண்டைக் கட்டிகள் வெவ்வேறாக நடப்பதற்குத் தெளிவான சான்று இந்த வைரஸ். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான அதே எச்.பி.வி. வைரஸ், அடிநாக்கிலும் தொண்டைச் சதைகளிலும் புற்றை உண்டாக்கும். அது தரும் ஒரு புரதம் பி53-ஐப் பிடித்து அழித்துவிடுகிறது, ஆனால் பி53-இன் மரபணு கெடாமல் அப்படியே இருப்பதால், சாகச் சொல்லும் உத்தரவு முழுதாக அற்றுப்போவதில்லை. இத்தகைய செல்கள் இரட்டைப்புரி அறுப்புகளைச் சரிசெய்வதிலும் சோம்பேறிகள். விளைவாக, கதிருக்கு எளிதில் மடிகின்றன. அமெரிக்காவில் 2010-ல் வெளியான ஆய்வில், எச்.பி.வி. உள்ள தொண்டைப் புற்றுநோயாளிகளில் மூன்றாண்டுக்குப் பின் 82 சதவீதத்தினர் உயிரோடிருந்தார்கள், அது இல்லாதவர்களில் 57 சதவீதத்தினர். எச்.பி.வி. இருந்தும் நெடுநாள் புகைத்தவர்களுக்கு இந்தச் சலுகை குறைந்துபோனது.

நம் ஊரில் இதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலை நாட்டு இணையதளங்களில் ‘தொண்டைப் புற்றுநோய் கதிர்வீச்சில் நன்றாகக் குணமாகும்’ என்று காண்பது பெரும்பாலும் இந்த வைரஸ் வகையைப் பற்றியது. இந்திய ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். அதிலும் வெற்றிலையோடு புகையிலையை அடக்கி வைக்கும் கன்னத்தின் உட்புறமும் ஈறும் முக்கிய இடங்கள். அந்த எண்ணிக்கைகளை இந்த நோய்க்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது தவறு.

இதுவரை பார்த்தவை: கட்டிக்குள் ஆக்சிஜன் எட்டாத இடங்கள், சேதத்தை விரைந்து சரிசெய்யும் திறன், சாகச் சொல்லும் உத்தரவைக் கேட்காமை. மூன்றும் ஒரு தவணையில் எத்தனை செல்கள் பிழைக்கும் என்பதைத் தீர்மானிப்பவை. அடுத்தது, தவணைக்கும் தவணைக்கும் இடையே நடப்பது.

நாலாவது வாரம்

களை பறித்தவர்களுக்குக் கோரையைத் தெரியும். மேலே உள்ள புல்லைப் பிடுங்கினால் கை நிறைய வரும், நிலமும் சுத்தமாகிவிட்டதாகத் தோன்றும். மண்ணுக்குள் கிழங்கு கிடந்தால் பத்து நாளில் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். கட்டியிலும் இப்படிக் ‘கிழங்கு’ போன்ற சில செல்கள் உண்டு. இவற்றைப் புற்றுத் தண்டுச் செல்கள் என்பார்கள். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஒரு கட்டியையே புதிதாக உண்டாக்க வல்லவை.

இந்தச் செல்கள் கதிருக்குப் பதில் சொல்வதைக் காலக்கணக்கோடு சுட்டிக்காட்டியவர் கதிர்வீச்சு ஆய்வாளர் ராட்னி விதர்ஸ். அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1988-ல் பல மருத்துவமனைகளின் தலை, கழுத்துப் புற்றுநோய்த் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிகிச்சை தொடங்கிச் சுமார் நான்கு வாரம் கழித்து, மிஞ்சிய புற்றுச் செல்கள் திடீரென்று வேகமெடுத்துப் பெருகுவது தெரிந்தது. அந்தப் பெருக்கத்தை ஈடுகட்ட மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 0.6 கிரே தேவை என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். சனி, ஞாயிறு என்று செல்களுக்கு விடுமுறை கிடையாது. எனவே வாரத்துக்குக் கொடுக்கும் 10 கிரேயில் 4 கிரேக்குமேல் வட்டிக்கே போய்விடுகிறது, மீதிதான் அசலைக் குறைக்கிறது.

சிகிச்சையை இடையில் நிறுத்துவது ஏன் இவ்வளவு ஆபத்து என்பது இங்கே விளங்கும். நாலாவது வாரத்தில்தான் வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் கெட்டியாகி, கஞ்சிகூட இறங்காமல், நோயாளி “ஒரு வாரம் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன்” என்று கேட்கிறார். குடும்பத்துக்கும் அது நியாயமாகவே படுகிறது. புற்றுச் செல்கள் முழுவேகத்தில் பெருகத் தொடங்கும் வாரமும் அதுவேதான். விட்டுப்போன தவணைகளைக் கடைசியில் சேர்த்துக் கொடுத்தாலும் கணக்கு நேராவதில்லை, ஏனென்றால் இடையில் ஏறிய வட்டி அப்படியே நிற்கிறது. மூக்குவழிக் குழாய் போட்டாவது உணவு கொடுத்து, தவணை தவறாமல் நடத்த மருத்துவர்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

இதையே திருப்பிப் போட்டால் ஒரு சிகிச்சை கிடைக்கிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் மொத்த அளவை மாற்றாமல், வாரத்துக்கு 5 தவணைக்குப் பதில் 6 தவணை கொடுத்து ஒரு வாரம் முன்னதாக முடித்தார்கள். 2003-ல் வந்த முடிவின்படி ஐந்தாண்டுக் கட்டுப்பாடு 60 சதவீதத்திலிருந்து 70 சதவீதமானது. புதிய மருந்தும் இல்லை, புதிய கருவியும் இல்லை. காலண்டர் மட்டும் மாறியது.

எதிர்ப்பு போலத் தோன்றுபவை

எல்லாத் தோல்வியும் செல்லின் பிடிவாதத்தால் வருவதல்ல. உணவு இறங்காமல் எடை குறையும்போது கன்னம் வற்றி, முதல் வாரத்தில் கச்சிதமாக இருந்த முகமூடி ஐந்தாம் வாரத்தில் தளர்ந்துவிடுகிறது. உள்ளே தலை சற்றுத் திரும்பினாலும் கட்டியின் ஓரம் கதிரின் எல்லையிலிருந்து விலகிப்போகலாம். இதைக் கவனித்தால் புது முகமூடி செய்து, திட்டத்தையும் திருத்துகிறார்கள். தாடை எலும்பைத் துளைத்துப் போன ஈறுப் புற்றுநோயில் கதிர்வீச்சை மட்டும் நம்புவதில்லை. அங்கே அறுவைச் சிகிச்சை முதலில், கதிர்வீச்சு பிறகு என்பதே பெரும்பாலும் நடைமுறை.

தவணையின் வலிமையைக் கூட்டுவது

கதிரின் அளவைக் கண்டபடி ஏற்ற முடியாது. கட்டிக்குச் சில சென்டிமீட்டர் பின்னால் தண்டுவடம் இருக்கிறது. அது 45 முதல் 50 கிரே வரைதான் தாங்கும். ஆகவே அளவைக் கூட்டாமல், பிழைக்கும் சதவீதத்தைக் குறைக்கும் வழிகளையே தேடுகிறார்கள். அவற்றில் நிலைபெற்றது, கதிரோடு சேர்த்து சிஸ்பிளாட்டின் மருந்தைக் கொடுப்பது. அது டி.என்.ஏ.வில் முடிச்சுப் போட்டு, பழுதுபார்க்கும் வேலையைக் கெடுக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கதிரோடு கீமோவும் பெற்றவர்களில் ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருப்பவர்கள் நூற்றுக்கு ஆறு, ஏழு பேர் கூடுதல். சிறுநீரகமோ காதோ பழுதுபட்டு சிஸ்பிளாட்டின் தாங்காதவர்களுக்கு டோசிடாக்சல் உதவும் என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2023-ல் காட்டியது. நோயின்றி இரண்டாண்டைக் கடந்தவர்கள் 30 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானார்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். புரதத்தை அடைக்கும் செட்டுக்சிமாப் 2006-ல் பெரும் நம்பிக்கை தந்தது. ஆனால் எச்.பி.வி. வகையில் அது சிஸ்பிளாட்டினுக்கு ஈடாகவில்லை என்று 2019-ல் தெரிந்தது.

கட்டி திரும்பியவுடன் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, “இன்னொரு முறை கரண்ட் வைக்கலாமா?” என்பதுதான். சில நோயாளிகளுக்கு, இடைவெளி போதிய அளவு இருந்தால், மிகக் கவனமாக அதைச் செய்வதுண்டு. ஆனால் இப்போது வளர்ந்திருப்பவை முப்பத்தைந்து தவணைக்கும் தப்பிய செல்களின் வாரிசுகள். சுற்றியுள்ள தோலும் எலும்பும் தண்டுவடமும் முதல் 70 கிரேயின் சுமையை முழுதாக இறக்கி வைத்திருப்பதில்லை. அதனால்தான் மருத்துவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுமுன், கட்டியை வெட்டி எடுக்க முடியுமா என்று அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்பி வைக்கிறார்.